அக்ராவிலிருந்து நைரோபிக்கு எதிர்காற்று

நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் நைரோபியிலிருந்து அக்ராவுக்கு எவ்வளவு தூரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஏறக்குறைய நாலாயிரத்து இருநூறு கிலோமீட்டர். போவதற்கு ஐந்தே முக்கால் மணி நேரம், வருவதற்கு ஐந்தரை மணி நேரம். நான் கணக்குப் போட்ட காலத்து நிலவரம் இது. இப்போது மாறியிருந்தால் நான் பொறுப்பில்லை. எங்கள் ஊர் ஆனைக்குட்டத்திலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் எவ்வளவு நேரம் என்று கேட்டால்கூடச் சற்று யோசித்துத்தான் சொல்வேன்.

2003-ஆம் வருஷம் ஆடி மாதம் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பிளஸ் டூ முடித்துவிட்டு ஆறு மாதம் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கப் படித்திருந்தேன். ஆடிப் பதினெட்டாம் பெருக்கு அன்று மற்ற ஊர்களில் ஆற்றங்கரைக்குப் போவார்கள். சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். அன்றிலிருந்து மார்கழி வரைக்கும் அச்சகங்களில் ஒருவருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. அந்த நெருக்கடியில் ஆள் கிடைத்தால் போதும் என்றுதான் முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார். டயரி சீசன் முடிந்து லோடெல்லாம் போன பிறகு என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்வதாகவும் சொன்னார். நான் சரி என்று தலையாட்டினேன். என்னை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும் என்பது அப்போது என்னுடைய எண்ணம். பிளஸ் டூவில் கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்ணை அவர் கேட்காமலேயே இரண்டு முறை சொன்னேன்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதை வீட்டில் அம்மா தினமும் எனக்கு நினைவுபடுத்திக்கொண்டிருந்தாள். அம்மா தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பெட்டி போடும் பிரிவில் வேலை பார்த்தாள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் ஊருக்குள் வரும். வேனில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போன பெண் அந்த ஆனியில் கல்யாணமாகி கோவில்பட்டிக்குப் போய்விட்டாள். அந்த இடத்தை எனக்காக வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். தீபாவளி முடிந்து மூடும் ஆலையைப் பூஜை போட்டுத் திறக்கும்போது நிறையப் புது ஆள் எடுப்பார்கள். அதற்குள் அச்சகத்தில் ஒரு முடிவு தெரியவில்லை என்றால் நான் வேனில் ஏற வேண்டும். சாப்பாட்டுத் தூக்கை என் கையில் கொடுக்கும்போதெல்லாம் அம்மா அதே பல்லவியைப் பாடினாள்.

"எம் பக்கத்து எடம் காலியாத்தான் கெடக்கு. அங்கன முடியலைன்னா பேசாம வந்து உக்காந்துக்க."

அம்மாவோடு வேலை பார்ப்பதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் அந்த வேனில்தான் போனார்கள். ஆனால் ஒருமுறை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நாம் அடித்த எழுத்து அச்சாகி வெளியே வருவதைப் பார்த்துவிட்டால் பிறகு கை வேறு எதற்கும் வணங்காது. தோற்றுப்போய் வேனில் ஏறுவதை நினைத்தாலே எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில்தான் நான் தினமும் சைக்கிளை மிதித்தேன்.

சைக்கிளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஆடி, ஆவணியில் எங்கள் பக்கம் மேல்காற்று ஆளைத் தூக்கும். காலையில் மேற்கே பார்த்து சிவகாசிக்கு மிதித்தால் எழுபது நிமிஷம். பாவாடையைப் பிடிப்பதா, ஹேண்டில்பாரைப் பிடிப்பதா என்று தெரியாது. சாயங்காலம் அதே பாதையில் திரும்பினால் காற்றே முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். முப்பத்தைந்து நிமிஷத்தில் வீடு. ஒரே தூரத்துக்கு இரண்டு நேரம் என்பது எங்கள் ஊரில் பால்காரருக்கும் தெரிந்த விஷயம்.

அச்சகத்தில் டயரி தயாராகும் முறை எளிது. போன வருஷத்து டயரியைப் பார்த்து இந்த வருஷத்து டயரியைச் செய்வார்கள். முன்பக்கங்களில் விடுமுறை நாட்கள், எடை அளவுகள், தொலைபேசிக் குறியீடுகள், உலக நேரம், ரத்த வகைகள் எல்லாம் வரும். யாரோ ஒரு புண்ணியவான் எந்தக் காலத்திலோ தயாரித்ததை வருஷா வருஷம் அப்படியே எடுத்து அடிப்போம். அடிப்போமே தவிர படிக்க மாட்டோம். ஆர்டர் கொடுப்பவர்களும் அப்படித்தான். புரூப் அனுப்பினால் தன் கம்பெனிப் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் பார்த்துவிட்டு ஓகே போட்டு அனுப்புவார்கள்.

ஆவணியில் நைரோபியிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஒருவர் தன் வாடிக்கையாளர்களுக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுக்க ஐயாயிரம் டயரி கேட்டிருந்தார். வழக்கமான பக்கங்களோடு ஒரு புதுப் பக்கமும் வேண்டும் என்றார். ஆப்பிரிக்க விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்ற அட்டவணை. பத்து ஜோடி ஊர்களுக்கு விமானம் கிளம்பும் நேரத்தையும் போய்ச் சேரும் நேரத்தையும் பேக்ஸில் அனுப்பியிருந்தார். கழித்து எழுதிக்கொள்ளுங்கள், தூரத்தை வரைபடத்தைப் பார்த்து ஏறக்குறைய போட்டால் போதும் என்று கீழே குறிப்பு இருந்தது. பார்த்து அடிக்கப் போன வருஷத்துப் பக்கம் இல்லாததால் அச்சகத்தில் ஒருவரும் அதைத் தொட விரும்பவில்லை. முதலாளி நேராக என்னிடம் வந்தார். கணக்கில் நான் புலி என்று சொல்லியிருந்தேனே, அந்தப் புலி இப்போது வெளியே வரட்டும் என்றார்.

புலி வந்தது. பைண்டிங் பிரிவுக்குப் போய் டயரி தைக்கும் நூலில் ஒரு முழம் வாங்கிக்கொண்டேன். சுவரில் தொங்கிய உலக வரைபடத்தில் நைரோபியில் ஒரு நுனியையும் அக்ராவில் மறு நுனியையும் இழுத்துப் பிடித்து, கீழே கொடுத்திருந்த அளவுகோட்டில் வைத்துப் பார்த்தேன். நாலாயிரத்து இருநூறு. பைண்டிங் பெண்கள் சேலைக்கு அளவெடுப்பதுபோல் இருக்கிறது என்று சிரித்தார்கள். பல வருஷம் கழித்து இணையத்தில் பார்த்தேன். நூல் பொய் சொல்லவில்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர்களாக இருந்ததால் தப்பித்தேன், வேறு எங்காவது என்றால் தட்டையான வரைபடம் காலை வாரியிருக்கும் என்று அப்புறம் ஒருவர் விளக்கினார். நான் நூலுக்குத்தான் நன்றி சொன்னேன்.

அடுத்தது நேரம். நைரோபியில் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பும் விமானம் அக்ராவில் பதினொன்றே முக்காலுக்கு இறங்கியது. இரண்டே முக்கால் மணி நேரம். அக்ராவில் பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பும் விமானம் நைரோபியில் இரவு ஒன்பதேகாலுக்கு இறங்கியது. எட்டரை மணி நேரம். மூன்று முறை கழித்தேன். மூன்று முறையும் அதேதான். லாகோஸுக்கும் அப்படியே போகும்போது குறைவு, வரும்போது அதிகம். ஆனால் நைரோபிக்கும் அடிஸ் அபாபாவுக்கும் போக இரண்டு மணி, வர இரண்டு மணி.

வரைபடத்தைத் திரும்பப் பார்த்தேன். அடிஸ் அபாபா நைரோபிக்கு வடக்கே இருக்கிறது. அக்ராவும் லாகோஸும் மேற்கே இருக்கின்றன. வடக்கு தெற்காகப் போனால் சமம், கிழக்கு மேற்காகப் போனால்தான் வித்தியாசம். எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. காற்று! எங்கள் ஊரில் மேல்காற்று, அவர்கள் ஊரில் கீழ்க்காற்று, நாம் கொண்டல் என்கிறோமே, அது. மேற்கே போகும்போது முதுகில் தள்ளுகிறது. திரும்பி வரும்போது முகத்தில் அறைகிறது. விமானம் பாவம், என் சைக்கிள் மாதிரியே அல்லாடுகிறது. எவ்வளவு பெரிய உண்மையை நான் ஒரு பேக்ஸ் தாளிலிருந்து கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கே பெருமை தாங்கவில்லை.

மெஷினை ஓட்டும் அண்ணன் அந்த அட்டவணையைப் பார்த்தார். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். ஆனால் எதையும் ஒரு முறை முகர்ந்து பார்க்காமல் மெஷினில் ஏற்ற மாட்டார்.

"ஏத்தா, நாலாயிரம் கிலோமீட்டர மூணு மணி நேரங்கூட இல்லாம போகுதுன்னா, இது ஏரோப்ளேனா, இல்ல நம்மூரு ராக்கெட்டா?"

காற்று தள்ளுகிறது அண்ணே என்றேன். அப்படியும் அவர் தலையைச் சொறிந்தார். ஆடி மாதம் ஆனைக்குட்டத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் பார்த்தால் தெரியும், மெஷின் முன்னால் நின்றுகொண்டே இருந்தால் எப்படித் தெரியும் என்று நான் ஒரு போடு போட்டேன். பைண்டிங் பெண்கள் என் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். எல்லோரும் காற்றில் அடிபட்டவர்கள். அண்ணன் மெஷினுக்குத் திரும்பிப் போய்விட்டார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. படிப்பவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று அட்டவணைக்குக் கீழே ஒரு நட்சத்திரக் குறி போட்டு, காற்றின் காரணமாகத் திரும்பும் பயணம் கூடுதல் நேரம் எடுக்கும் என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை யாரும் கேட்கவில்லை. நானாகவே வைத்துக்கொண்ட வினை.

புரூப் போயிற்று, ஓகே வந்தது. அச்சாயிற்று. தீபாவளி வந்து போயிற்று. பட்டாசு ஆலைகளைப் பூட்டினார்கள். அம்மாவும் வேன்காரப் பெண்களும் வீட்டில் இருந்தார்கள். ஐயாயிரம் டயரியும் தைத்து, அட்டை போட்டு, ஓரம் வெட்டி, சரக்கு வைக்கும் எங்கள் கிட்டங்கியில் மதில்போல் அடுக்கி நின்றன. சனிக்கிழமை தூத்துக்குடிக்கு லோடு போக வேண்டும். கப்பலில் இடம் பிடித்தாயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு முதலாளி நைரோபிக்குப் போன் போட்டார். என் மேஜை அவருடைய கண்ணாடி அறையை ஒட்டித்தான் இருந்தது. அவர் எந்த ஊருக்குப் பேசினாலும் முதலில் கடை திறந்தாச்சா, டீ குடிச்சாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். ஒன்பது மணியா, இப்பத்தான் கடை திறந்தீங்களா என்று அவர் திருப்பிக் கேட்டது என் காதில் விழுந்தது. சனிக்கிழமை லோடைப் பற்றிப் பேசி முடித்தார்கள். நைரோபியில் நமக்குப் பிறகுதான் விடியும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அந்த நேரத்துக்குப் போன் போடுவதே. முதலாளிக்கு அக்ராவிலும் நோட்டுப் புத்தக அட்டை வாங்கும் ஒருவர் இருந்தார். அவருக்கு வழக்கமாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பேசுவார். ஏன் என்று யாரும் யோசித்ததில்லை. அன்றைக்கு ஏதோ அவசரம், கையோடு கையாக அக்ராவுக்கும் போட்டார். ரொம்ப நேரம் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு முதலாளி மன்னிப்புக் கேட்கும் குரலில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தார். வெளியே வந்து, எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்:

"அங்கன இப்பத்தான் மணி ஆறாம். தூங்குற மனுசன எழுப்பி விட்டுட்டேன்."

என் கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது. நைரோபியில் ஒன்பது. அக்ராவில் ஆறு. ஒரே நிமிஷத்தில்.

கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரைக்கும் ஒரே மணி அடிக்கும் நாட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆப்பிரிக்கா என்றால் எனக்கு ஒரே ஊர். அதில் ஒரே கடிகாரம். விமானம் கிளம்பியது நைரோபிக் கடிகாரத்தில், இறங்கியது அக்ராக் கடிகாரத்தில். இரண்டையும் நான் கழித்துவிட்டேன். டயரி ஒன்றை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். அதற்கு எதிர்ப்பக்கத்தில் உலக நேரம். லண்டன் நேரத்தோடு எத்தனை மணி கூட்ட வேண்டும் என்ற கணக்கு. அக்ராவுக்கு நேராகச் சுழி, நைரோபிக்கு நேராக மூன்று. அந்தப் பக்கத்தையும் நான்தான் அடித்திருந்தேன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இரண்டு மாதமாகச் சிரித்திருக்கின்றன.

அரை நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் என்ன என்று நன்றாகவே யோசித்தேன். சனிக்கிழமை லோடு போய்விடும். கப்பல் போய்ச் சேர்வதற்குள் ஆலை பூஜை வந்துவிடும். முதலாளி என்னை வேலையில் நிரந்தரமாக்கிவிடுவார். பிறகு யார் எந்தப் பக்கத்தைப் படித்தால் எனக்கென்ன? உண்மையைச் சொல்லிவிடத் தோன்றியது நல்ல மனசால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தக் காற்று வரிதான் காரணம். நேரத்தைத் தப்பாகப் போட்டால் அச்சுப்பிழை என்று விட்டுவிடுவார்கள். ஆனால் நைரோபியில் ஒரு மனிதர் வருஷம் முழுக்க அந்த டயரியைத் திறக்கும்போதெல்லாம் அந்த நட்சத்திரக் குறியைப் படித்து வயிறு குலுங்கச் சிரிப்பார். ஐயாயிரம் பேர் சிரிப்பார்கள். அந்த மானக்கேட்டை என்னால் கப்பலேற்றி அனுப்ப முடியவில்லை. வேலை போனால் போகட்டும் என்று மூன்று மணிக்குக் கண்ணாடி அறைக்குள் போனேன். பொய் சொல்வானேன், அழுகை வந்தது.

முதலாளி டயரியை வாங்கி அட்டவணையைப் பார்த்தார். எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் பொடி எழுத்து வரியைப் படித்தார்.

"காத்தா?" என்றார். "ஏம்மா, ஏரோப்ளேன் என்ன சைக்கிளா?"

திட்டினார். கத்தித் திட்டவில்லை. அவர் மெதுவாகத் திட்டுவதுதான் பயம். மறுபடி அச்சடிக்க வழியில்லை, தைத்து முடித்தாயிற்று, சனிக்கிழமைக்கு மூன்று முழு நாள்தான் இருக்கிறது என்றார். மெஷின் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் ராக்கெட் கதையைக் கிளப்புவார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கிளப்பவில்லை. அட்டவணை அளவுக்குச் சின்னத் துண்டுத்தாளில் சரியானதை அச்சடித்து மேலே ஒட்டிவிடலாம், மெஷினில் ஒரு மணி நேர வேலை என்றார். ஐயாயிரம் துண்டை யார் ஒட்டுவது? பைண்டிங்கில் இருந்தவர்கள் எல்லோரும் மற்ற ஆர்டர்களில் கழுத்து வரை இருந்தார்கள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். எங்கள் ஊரில் ஒரு வேன் நிறையப் பேர் ஆலை மூடிச் சும்மா இருக்கிறார்கள், லேபிள் ஒட்டுவதற்கு அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது என்றேன். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். வரச் சொல் என்றார். நான் இருப்பதும் போவதும் லோடு போன பிறகு பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

அதற்கு முன்னால் நைரோபிக்காரரிடம் சொல்ல வேண்டும். அதை என்னையே சொல்லச் சொன்னார் முதலாளி. அதுதான் தண்டனை. தமிழ் மீடியத்தில் படித்த என் ஆங்கிலத்தில், ஐயா, நேரம் தவறு, காற்றும் தவறு, மன்னிக்க வேண்டும் என்றேன். புரூப்பை எடுத்துப் பார்க்கிறேன் என்றார். தாளைப் புரட்டும் ஓசை கேட்டது. அப்புறம் அவர் சிரித்தார் பாருங்கள், முதலாளிக்கு ரிசீவர் இல்லாமலேயே கேட்டது. புரூப்பில் தன் பெயரையும் போன் நம்பரையும் மட்டும்தான் பார்த்ததாக ஒத்துக்கொண்டார். பிறகு பொறுமையாகப் பத்து ஜோடி ஊரின் நேரத்தையும் என்னோடு சேர்ந்து சரிபார்த்தார். அக்ராவுக்குப் போக ஐந்தே முக்கால், வர ஐந்தரை. அந்தக் கால் மணி வித்தியாசம் ஏன் என்று கேட்டேன். அது காற்றுதான் என்றார். ஆனால் என் காற்றுக்கு நேர் எதிர்த்திசை. அங்கேயும் மேல்காற்றுதானாம், எங்கள் ஊரைப் போலவே. அதை ஒரு நட்சத்திரக் குறி போட்டுச் சேர்க்கலாமா என்று முதலாளியைக் கேட்டேன். அவர் ரிசீவரை என் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

வியாழக்கிழமை காலை அம்மா தன் படையோடு வந்து இறங்கினாள். பதினான்கு பெண்கள். அம்மாவை ஒட்டியே அந்த வருஷம் கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்த புதுப்பெண் ஒருத்தி. அம்மாவை அயித்தை அயித்தை என்று சுற்றுவாள். வந்ததும் அம்மா அச்சகத்துப் பசையைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தாள். இதெல்லாம் ஒரு பசையா, தாளு சுருங்கிப் போகும் என்று ஓரமாகத் தள்ளினாள். மைதாவும் கொஞ்சம் மயில்துத்தமும் வாங்கி வரச் சொல்லி, அங்கேயே அடுப்பைப் பற்ற வைத்துத் தானே காய்ச்சினாள். மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது, ஆப்பிரிக்காவில் பூச்சி இல்லாமலா இருக்கும் என்று முதலாளிக்கே பாடம் நடத்தினாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

கிட்டங்கியில் இரண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி பக்கத்தைப் பிரித்துக் கொடுக்க, ஒருத்தி விரலால் பசையை இழுக்க, ஒருத்தி துண்டை வைத்து உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு. நான் கணினியில் கோடு போட்டாலும் அவ்வளவு நேராக வராது. முதலாளி அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போனார். மெஷின் அண்ணன் டீயோடு வந்து, ஏத்தா, ஒங்க அம்மாவையே பிரஸ்ல சேத்துருக்கலாம் போல என்றார்.

மதியம் சாப்பிடும்போது அம்மா ஒட்டாத டயரி ஒன்றை என்னிடம் நீட்டினாள். இதில் எது தப்பு, காட்டு என்றாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதுவும் தமிழ் மட்டும். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். கடிகாரம், கழித்தல், காற்று, நட்சத்திரக் குறி. அம்மா பொறுமையாகக் கேட்டாள். பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"காத்துன்னு எழுதுனதுல என்ன தப்பு? காத்து இல்லாத ஊரு எங்கன இருக்கு?"

அவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட்டு உட்கார்ந்திருந்த எனக்கு அந்த ஒரு பேச்சு எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்லி மாளாது. ஆனால் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள். திங்கட்கிழமை ஆலை பூஜையாம். மொதலாளி மூஞ்சியப் பாத்தா நல்ல சேதியாத் தெரியலை, எம் பக்கத்து எடம் காலியாத்தான் கெடக்கு என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இன்னும் நாலு நாளில் அந்த வேனில் ஏறி உட்கார்ந்து, தினமும் இந்தக் காற்றுக் கதையைக் கேட்டுக்கொண்டே தாயில்பட்டிக்குப் போவதை நினைத்தேன். மதியம் முழுக்க நானும் ஒருத்தியாக உட்கார்ந்து என் தப்பின்மேல் துண்டு ஒட்டினேன். கோணலாக ஒட்டியதாக அம்மா இருபது டயரியையாவது பிடுங்கித் திருத்தியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஐயாயிரமும் முடிந்தது. சனிக்கிழமை லோடு கிளம்பியது. முதலாளி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை மூன்று முறை துடைத்தேன்.

திங்கட்கிழமை காலை நான் போனபோது என் மேஜைமேல் அரை அடி உயரத்துக்குப் புரூப் தாள்கள் இருந்தன. இன்னும் அச்சாக வேண்டிய அத்தனை டயரிகளின் முன்பக்கங்கள். முதலாளி கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அடிக்கிறது யாரு வேணா அடிக்கலாம். இனிமே நீ படி. நீ படிச்சுக் கையெழுத்துப் போடாம ஒரு தாளு மெஷினுக்குப் போகக் கூடாது."

இதுதானா பதில் என்று கேட்டேன். வேறு எப்படிச் சொல்ல என்றார். மெஷின் அண்ணன் அங்கிருந்தே, காத்து அடிச்சா தாளு பறந்துரும், வெயிட் வச்சுப் படி ஆத்தா என்றார். நான் ஒரு பழைய டயரியைத் தாள்மேல் வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். மத்தியானத்துக்குள் எடை அளவுகள் பக்கத்தில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தேன். எத்தனையோ வருஷமாக அச்சாகிக்கொண்டிருந்த தப்பு.

சாயங்காலம் சைக்கிளை விரட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். வேன் வந்து நிற்கும் இடத்திலேயே காத்திருந்தேன். அதற்கு முன்னால் நான் அங்கே நின்றதில்லை. வேன் வரும் நேரத்துக்கு நான் பாதி வழியில் இருப்பேன். ஆலை திறந்த முதல் நாள் என்பதால் வேனில் பூஜைச் சந்தன வாசனை அடித்தது. அம்மா இறங்கினாள், நெற்றியில் குங்குமம். விஷயத்தைச் சொன்னேன். அம்மா ம் என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கொஞ்சம் அதிக நேரமாகவே துடைத்தாள்.

அவளுக்குப் பின்னாலேயே அந்தப் புதுப்பெண் இறங்கினாள். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம் அல்லவா, தாராளமாக ஒரு தானம் செய்தேன். இனிமேல் அம்மா பக்கத்து இடத்தில் நீயே உட்கார்ந்துகொள், எனக்கு வேண்டாம் என்றேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"அது ஆடியில இருந்து எம் எடம்தானக்கா. நீங்க பிரஸ்ல சேந்த அன்னைக்கே, எம் மக இனிமே இங்கன வரமாட்டா, நீ ஏறிக்கன்னு அயித்தை சொல்லிட்டாகளே."

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். நாலு மாதமாகக் காலியாகக் கிடந்த இடம். தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு சேர்த்து என் கையில் கொடுத்தனுப்பிய இடம். அம்மா கொஞ்சமும் அசராமல் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீ தோத்து வந்திருந்தேன்னா, வேன்ல நின்னுக்கிட்டேதான் வந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.